பருவப் பெண்களும் சுரப்புச் சமநிலையும்

தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண் பூப்பெய்தும் நாள் ஊரறியக் கொண்டாடப்படுகிறது. மஞ்சள் நீராட்டு நடைபெறுகிறது; தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார்; உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் சில நாட்களுக்கு விடாமல் ஊட்டப்படுகின்றன. ஆயினும் அதற்கு அடுத்த மாதம் முதல் அப்பெண்ணின் உடலில் நிகழ்வது யாது என்பதைக் குறித்து அதே குடும்பத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. மாதவிடாய் மூன்று மாதம் வராமலிருந்தாலும், பத்து நாள் நில்லாமலிருந்தாலும், அச்செய்தி தாயின் செவியோடு நின்றுவிடுகிறது. சில வேளைகளில் தாயின் செவிக்கும் எட்டுவதில்லை.

இம்மௌனத்தின் விளைவாக இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒன்று அலட்சியம், "கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறிக் காலத்தைக் கடத்துவது. மற்றொன்று அவசரம், ஒரு மாதம் தவறியவுடனேயே பெண்ணை ஸ்கான் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, "சூலகத்தில் நீர்க்கட்டி" என்ற சொல்லுடன் திரும்புவது. முன்னதால் சிகிச்சை பெற வேண்டிய பெண் சிகிச்சையின்றி வாடுகிறாள். பின்னதால் நோயற்ற பெண் தன்னை நோயாளி என்றெண்ணி, தனக்குக் குழந்தை பிறக்காதோ என்ற அச்சத்தைப் பதினான்கு வயதிலேயே சுமக்கத் தொடங்குகிறாள். இவ்விரு தவறுகளுக்கும் இடையே நின்று பெண்ணைக் காக்கக் கூடியவர்கள் பள்ளி ஆசிரியர்களும் களப்பணியாளர்களுமே ஆவர். இப்பணிக்கு வைத்தியப் பட்டமோ விலையுயர்ந்த கருவிகளோ வேண்டுவதில்லை. இயல்பு எது, கோளாறு எது என்ற தெளிவு இருந்தால் போதும்.

சுரப்பிகள் செய்யும் வேலை

உடலில் சில சுரப்பிகள் தாம் சுரக்கும் பொருளைக் குழாய் எதன் வழியாகவும் அனுப்பாமல் நேரே இரத்தத்தில் கலக்கின்றன. இவற்றையே நாளமில்லாச் சுரப்பிகள் என்பர். இவை சுரக்கும் பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் 1905-ஆம் ஆண்டில் வழங்கினார். மிகச் சிறிய அளவில் சுரந்து, தொலைவிலுள்ள உறுப்புகளை வேலை செய்யத் தூண்டுவது இவற்றின் இயல்பு.

பெண்ணின் பூப்பு மூளையிலிருந்தே தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒருவகை ஹார்மோனை இடையறாது சுரக்காமல், விட்டு விட்டுத் துடிப்புகளாகச் சுரக்கிறது. அத்துடிப்புகளை ஏற்றுக்கொண்ட பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களைச் சூலகத்துக்கு அனுப்புகிறது. சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்னும் பொருளைச் சுரந்து கருப்பையின் உட்பூச்சைத் தடிக்கச் செய்கிறது. சூல் முட்டை முதிர்ந்து வெளிப்பட்ட பின் புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு பொருள் சுரந்து அவ்வுட்பூச்சை நிலைப்படுத்துகிறது. முட்டை கருவுறாவிடில் இவ்விரண்டும் குறைந்து, உட்பூச்சு உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறுகிறது.

இவ்வளவு உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்கப் பழகுவதற்குக் காலம் பிடிக்கும். பூப்பெய்திய முதல் ஆண்டில் பல மாதங்களில் முட்டை வெளிப்படுவதே இல்லை. முட்டை வெளிப்படாவிடில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஆகவே உட்பூச்சு ஒழுங்கின்றித் தடித்து ஒழுங்கின்றி உதிர்கிறது. மாதவிடாய் முன்பின்னாக வருவதற்கு இதுவே காரணம். முதல் ஆண்டில் இவ்வாறு நேர்வது நோயன்று. இயந்திரம் ஓடிப் பழகும் காலத்தின் தடுமாற்றமே ஆகும்.

இயல்புக்கு ஓர் எல்லை

அவ்வாறாயின் எது வரையில் பொறுத்திருக்கலாம்? இவ்வினாவுக்கு இப்பொழுது தெளிவான விடை உண்டு. 2018-ஆம் ஆண்டிலும், திருத்தப் பெற்ற வடிவில் 2023-ஆம் ஆண்டிலும் வெளியான சர்வதேச வைத்திய வழிகாட்டி நெறிகள் இதற்குரிய அளவுகளை வகுத்துள்ளன. பூப்பெய்திய முதல் ஆண்டில் ஒழுங்கின்மை இயல்பு. ஓராண்டு கடந்து மூன்று ஆண்டுகள் நிறையும் வரை, ஒரு மாதவிடாயின் முதல் நாளுக்கும் அடுத்ததன் முதல் நாளுக்கும் இடையே 21 நாட்களுக்குக் குறைந்தோ 45 நாட்களுக்கு மிகுந்தோ இருப்பின் ஆராய வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குப் பின் 21 நாட்களுக்குக் குறைந்தாலும் 35 நாட்களைக் கடந்தாலும் ஆராய வேண்டும். முதல் ஆண்டு கழிந்த பின் எப்பொழுதேனும் 90 நாட்களுக்கு மேல் ஒரு முறை வராமலிருந்தாலும் ஆராய வேண்டும். 15 வயது நிறைந்தும் பூப்பெய்தாத பெண்ணையும், மார்பக வளர்ச்சி தோன்றி மூன்று ஆண்டுகள் கடந்தும் பூப்பெய்தாத பெண்ணையும் வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும்.

நாட்களின் கணக்கு மட்டும் போதாது. இரத்தப் போக்கு ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை அணையாடை மாற்ற நேர்ந்தாலும் அது மிகையே. அத்தகைய பெண்களுள் சிலருக்கு இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கக்கூடும். சிறுவயதில் அடிபட்டபோது வெளிப்படாத அக்குறை, முதன்முதலாக மாதவிடாயிலேயே வெளிப்படுவதுண்டு. "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்று தாய் கூறுவது ஆறுதலாகத் தோன்றலாம். உண்மையில் பரம்பரைக் குறைக்கு அதுவே ஒரு தடயமாகும்.

இவ்வெண்களைப் பெண்களுக்கே கற்பித்தால் அவர்கள் வீணாக அஞ்சுவார்கள் என்று சிலர் கூறுவர். அச்சத்தைத் தருவது எண்ணன்று, எண் இல்லாமையே. முப்பத்தெட்டாம் நாளில் தனக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று இரவெல்லாம் அழும் பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு, 45 நாட்கள் வரை இயல்பே என்ற செய்தியைப் போன்ற மருந்து வேறில்லை.

'நீர்க்கட்டி' என்னும் சொல்

இன்று பருவப் பெண்களிடையே மிகுதியாக வழங்கும் நோயின் பெயர் 'பி.சி.ஓ.எஸ்.' அல்லது 'பி.சி.ஓ.டி.' என்பதாகும். மக்கள் இதனை நீர்க்கட்டி என்கின்றனர். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து வைத்தியர்களான ஸ்டைன், லெவந்தால் ஆகிய இருவரும் ஏழு பெண்களின் வரலாற்றை எடுத்துக்கூறி இந்நிலையை விளக்கினர். சூலகம் பருத்திருந்ததைக் கண்டு அவர்கள் இட்ட பெயரே இன்றளவும் குழப்பம் விளைவிக்கிறது. ஸ்கான் படத்தில் தெரியும் சிறு குமிழிகள் அறுவை செய்து அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன சூல் முட்டைகளின் பைகளே அவை. பூப்பெய்திய சில ஆண்டுகளில் நல்ல உடல்நலமுள்ள பெண்ணின் சூலகத்திலும் இத்தகைய பைகள் மிகுதியாகக் காணப்படும்.

இக்காரணம் பற்றியே மேற்கூறிய நெறிகள், பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் நிறையும் முன்னர் ஸ்கான் படத்தைக் கொண்டு இந்நோயை நிர்ணயிக்கலாகாது என்று கூறுகின்றன. பருவப் பெண்ணிடம் இரண்டு அடையாளங்களும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, மேற்சொன்ன எல்லையைக் கடந்த மாதவிடாய் ஒழுங்கின்மை. மற்றொன்று, ஆண்மைச் சுரப்பின் மிகுதி. அஃதாவது மேலுதட்டிலும் முகவாயிலும் மார்பிலும் தடித்த மயிர் வளர்தல், கடுமையான முகப்பரு, அல்லது இரத்தச் சோதனையில் அச்சுரப்பு கூடுதலாகக் காணப்படுதல். ஒன்று மட்டும் இருப்பின் அப்பெண் 'கவனத்துக்குரியவள்' என்று குறிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் பரிசோதிக்கப்பட வேண்டியவளே தவிர, நோயாளி அல்லள். தைராய்டு, புரோலாக்டின் முதலிய பிற சுரப்புகளின் கோளாறு இல்லை என்பதையும் முதலில் உறுதி செய்தல் அவசியம்.

அளவுகோல் மாறினால் நோயாளிகளின் தொகையும் மாறும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையுடன் 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களிடையே பல மாநிலங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2024-ல் வெளியாயின. கடுமையான அளவுகோலைக் கொண்டால் நூற்றுக்கு 7 பேர். ஸ்கான் படத்தையும் சேர்த்துக்கொள்ளும் அளவுகோலைக் கொண்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர். பெண்கள் அதே பெண்களே. வயது வந்த பெண்களிடமே இத்துணை வேறுபாடு உண்டெனில், பதினான்கு வயதுப் பெண்ணிடம் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அதற்காக இந்நோயை எளிதாகக் கருதிவிடலாகாது. இதன் அடியில் பல வேளைகளில் இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலை மறைந்திருக்கிறது. இன்சுலின் இரத்தத்தில் மிகும்போது சூலகம் ஆண்மைச் சுரப்பை அதிகமாகச் சுரக்கிறது. இந்நிலையின் புற அடையாளம் ஒன்றை ஆசிரியை வகுப்பறையிலேயே காணலாம். சில பெண்களின் பின்கழுத்தில் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டுத் துணி போலிருக்கும். இதனை அழுக்கு என்று கருதித் தாய்மார் சோப்பும் பீர்க்கங்கூடும் கொண்டு தேய்ப்பதும், பள்ளியில் தோழியர் எள்ளி நகையாடுவதும் வழக்கமாகிவிட்டன. அது அழுக்கன்று, இன்சுலின் மிகுதியின் அறிகுறி. அத்தகைய பெண்ணுக்கு இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதித்தல் நலம். உடல் பருத்தவர்களிடம் மட்டுமின்றி மெலிந்தவர்களிடமும் இந்நோய் தோன்றுவதுண்டு. கவனியாது விட்டால் பிற்காலத்தில் நீரிழிவுக்கும், கருப்பை உட்பூச்சின் மிகைத் தடிப்புக்கும் இடமளிக்கும்.

தைராய்டும் இரும்புச் சத்தும்

மாதவிடாய் தவறும் எல்லாப் பெண்களுக்கும் காரணம் சூலகமே என்று கொள்ளுதல் தவறு. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால் உடல் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, படிப்பில் மந்தம், மிகையான மாதவிடாய் ஆகியவை தோன்றும். "சோம்பேறி" என்று வகுப்பில் பட்டம் பெற்ற பெண் தைராய்டு நோயாளியாக இருக்கக்கூடும். ஓர் எளிய இரத்தச் சோதனையால் இதனைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு சுரப்பியின் கோளாற்றை நாடளாவிய முறையில் தடுக்க முடியும் என்பதற்குத் தைராய்டின் வரலாறே சிறந்த எடுத்துக்காட்டு. 1956-ஆம் ஆண்டில் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் இமயமலை அடிவாரத்திலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பள்ளத்தாக்கு மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு வட்டாரத்துக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட வட்டாரங்களில் பள்ளிக் குழந்தைகளின் கழுத்து வீக்கம் வெகுவாகக் குறைந்தது; மற்றதில் குறையவில்லை. இதன் பயனாக 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அயோடின் சேராத உப்பை உணவுக்காக விற்பது 2006 மே மாதம் முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. நுகர்வோரின் கைக்கு வரும்போது உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருத்தல் வேண்டும். மூடியற்ற பாத்திரத்தில், அடுப்பின் அருகே வைக்கும் உப்பில் அயோடின் குறைந்துவிடும் என்பதைக் களப்பணியாளர் ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துக் கூறலாம்.

இரும்புச் சத்தின் குறை ஹார்மோன் கோளாறு அன்று. ஆயினும் அதனோடு கைகோத்து வருவது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். மிகையான மாதவிடாய் இரத்தத்தைக் குறைக்கிறது. குறைந்த இரத்தம் விளையாட்டையும் படிப்பையும் குறைக்கிறது. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் அடங்கிய மாத்திரையை ஆசிரியை தம் கண்முன்னே, உணவுக்குப் பின் விழுங்கச் செய்தல் வேண்டும். வெறும் வயிற்றில் உண்டு வாந்தியெடுத்த பெண் அடுத்த வாரம் அதனைச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிடுவாள்.

சரோஜினி நகரின் நிலை

இக்கருத்துகளைப் பொருத்திப் பார்ப்பதற்குத் தலைநகரிலுள்ள சரோஜினி நகர் ஏற்றதோர் இடம். முன்னர் வினய் நகர் என்ற பெயருடன் மத்திய சர்க்கார் ஊழியர்களுக்காக அமைந்த இக்குடியிருப்பு, பின்னர்க் கவியரசி சரோஜினி நாயுடுவின் பெயரைப் பெற்றது. தென்னாட்டிலிருந்து வந்த ஊழியர் குடும்பங்கள் பல இங்கும் அண்டை நகர்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்து வந்துள்ளன. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று அடுத்துள்ள லட்சுமிபாய் நகரில் இருக்கிறது.

வைத்திய வசதியில் இவ்வட்டாரத்தைப் போன்று பேறு பெற்ற இடங்கள் நாட்டில் மிகச் சிலவே. இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் அமெரிக்கப் படையினருக்காக அமைக்கப்பட்டு, 1954-ல் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வந்த சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும், அதன் எதிரே 1956-ல் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் ரிங் ரோடு வழியே சிறிது தொலைவில் உள்ளன. சர்க்கார் ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டமும் 1954-ல் டில்லியிலேதான் முதலில் தொடங்கியது. இத்துணை அருகில் இவ்வளவு அறிவு திரண்டிருந்தும், பள்ளிச் சிறுமியொருத்தி தன் மாதவிடாய்க் கணக்கை யாரிடம் சொல்வது என்று அறியாதிருப்பின், குறை ஆஸ்பத்திரியில் இல்லை. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலுள்ள வழியிலேயே இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியின் நெரிசலில் நாள் முழுவதும் காத்திருந்து, ஆண்கள் பலர் நிற்கும் வரிசையில் தன் குறையைச் சொல்லக் கூசித் திரும்பும் பெண்ணுக்கு, அவளை எந்தப் பிரிவுக்கு, எந்தக் குறிப்புடன் அனுப்ப வேண்டும் என்றறிந்த ஓர் ஆசிரியையே துணை.

நகர வாழ்க்கை வேறு இடையூறுகளையும் தருகிறது. 2016-ல் மத்திய அமைச்சரவை டில்லியிலுள்ள ஏழு சர்க்கார் குடியிருப்புகளைப் புதுப்பிக்க இசைவளித்தது. சரோஜினி நகர் அவற்றுள் ஒன்று. அதன்பொருட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 2018-ல் வழக்கும் கிளர்ச்சியும் எழுந்தன. புதிய கட்டிடங்களின் நன்மை தீமைகளை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஆயினும் குடியிருப்புகளின் நடுவே திறந்த வெளி சுருங்கும்போது முதலில் விளையாட்டை இழப்பவர்கள் பருவப் பெண்களே. பையன்கள் தெருவைத் தேடிக்கொள்வார்கள். பெண்களுக்குத் தெருவும் இல்லை. பூப்பெய்தியவுடன் "இனி ஓடியாடாதே" என்ற கட்டளையும், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பரீட்சைப் பயிற்சியும் சேர்ந்துகொள்கின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்ய உடலுழைப்பு மிகவும் வேண்டிய அதே வயதில் பெண் நாற்காலியில் அமர்த்தப்படுகிறாள்.

மற்றோர் அபாயம் கடைத்தெருவில் இருக்கிறது. இவ்வூர்ச் சந்தையென்று மட்டுமன்று. எந்நகரத்துக் கடைத்தெருவிலும் முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்துள்ளது. சில நாள் முகம் பொலிவுறுவது போலத் தோன்றும். பின்னர்ப் பருவும் சிவப்பும் தோன்றி, முகத்தில் மயிரும் வளரத் தொடங்கும். அதனைக் கண்டு ஹார்மோன் கோளாறு என்று அஞ்சி வரும் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டிய வினா, முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்பதே. இத்தகைய களிம்புகள் பலவற்றை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாது என்று சர்க்கார் 2018-ல் விதித்தது. விதியை அறிந்த வாடிக்கையாளர் இல்லாவிடில் அது ஏட்டளவிலேயே நின்றுவிடும். அவ்வாறே திருமணம், கோயில் விழா ஆகியவற்றுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் பெண்ணுக்குக் கொடுப்பதையும் குடும்பங்கள் நிறுத்த வேண்டும். மாத்திரையை நிறுத்திய பின் வரும் மாதக் கணக்கு, உடலின் இயல்பான கணக்கன்று. அதனைக் கொண்டு எதனையும் முடிவு செய்ய இயலாது.

பராமரிப்பின் முறை

சிகிச்சையின் முதற்படி மருந்தன்று, அன்றாட வாழ்க்கையே. பருவ வயதினர் நாள்தோறும் ஒரு மணி நேரம் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. கயிறு தாண்டுதல், கோகோ, கபடி, விரைந்த நடை, யோகப் பயிற்சி ஆகிய எதுவாயினும் நன்றே. ஆந்திர மாநிலத்தில் 15 முதல் 18 வயது வரையுள்ள மாணவியரிடம் நடத்திய ஆராய்ச்சியில், பன்னிரண்டு வார யோகப் பயிற்சி ஆண்மைச் சுரப்பின் மிகுதியைக் குறைக்க உதவியதாகக் காணப்பட்டது. இதற்குச் செலவு ஏதுமில்லை. பாடத்தை முடிப்பதற்காக உடற்பயிற்சி வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குக் கடனாகக் கொடுக்கும் வழக்கத்தைத் தலைமையாசிரியர்கள் கைவிடுதல் இன்றியமையாதது.

உணவில் பட்டினி வேண்டுவதில்லை. பட்டினி கிடக்கும் பெண்ணின் மூளை, உடலில் போதிய சேமிப்பு இல்லை என்றுணர்ந்து மாதவிடாயையே நிறுத்திவிடும். விளையாட்டு வீராங்கனைகளிடமும், மெலிய வேண்டும் என்ற ஆசையால் உணவைத் தவிர்க்கும் பெண்களிடமும் இது காணப்படுகிறது. சோற்றையோ ரொட்டியையோ சிறிது குறைத்து, பருப்பு, பயறு, கீரை, மோர், முட்டை ஆகியவற்றைக் கூட்டுவதே தக்க வழி. கேழ்வரகு, கம்பு போன்ற தானியங்கள் நல்லவை. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்து ஊட்டும் மரபில் பொருள் உண்டு. உளுந்து புரதம் மிக்கது. ஆனால் பனைவெல்லமும் நெய்யும் மிகுதியாகச் சேர்த்து, பெண்ணை ஓரிடத்தில் உட்காரவைத்து ஊட்டுவதில் பொருளில்லை. இனிப்புப் பானங்களையும் பொட்டலத் தின்பண்டங்களையும் பள்ளி வாயிலிலிருந்து அகற்றுதல் நலம். பருமனான பெண்ணுக்கு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே மாதவிடாய் சீர்படக் கூடும். ஆயினும் "குண்டு" என்று ஏசி எவரையும் மெலியச் செய்ய இயலாது.

தூக்கமும் ஒரு மருந்தே. இரவு வெகுநேரம் கைபேசியின் ஒளியில் கழிந்து, விடியற்காலையில் பசியோடு பள்ளிக்கு ஓடும் வாழ்க்கையில் எச்சுரப்பியும் சீராக இயங்காது. காலை நேரப் பள்ளிகள் மிகுந்த டில்லியில், உண்ணாமல் வரும் சிறுமியரைப் பற்றிப் பள்ளிகள் கணக்கெடுத்தல் தகும்.

இவற்றுக்குப் பின்னும் சீர்படாவிடில் வைத்தியர் மருந்து கொடுப்பார். மாதவிடாயை ஒழுங்குபடுத்தப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது கருத்தடைக்குப் பயன்படும் அதே மாத்திரையே. இதனைக் கேட்டுப் பெற்றோர் பதறுகின்றனர். அம்மாத்திரை இங்கே கருப்பை உட்பூச்சைக் காக்கவும் ஆண்மைச் சுரப்பைக் கட்டுப்படுத்தவும் தரப்படுகிறது என்பதையும், அதனால் பிற்காலத்தில் தாய்மைக்குத் தடை நேராது என்பதையும் களப்பணியாளர் விளக்க வேண்டும். இன்சுலின் கோளாறு உள்ளவர்களுக்கு மெட்பார்மின் என்னும் மருந்து உதவும். வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் மருந்து உண்ணும் பெண்ணின் மாதவிடாய் ஒழுங்கு தவறினால் அதனை வைத்தியரிடம் கட்டாயம் கூறுதல் வேண்டும்; தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. நீண்ட காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்து மாதவிடாய் நின்றால் காசநோயையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆசிரியரின் கடமையும் எல்லையும்

ஆசிரியை நோயை நிர்ணயிக்கலாகாது. மருந்தின் பெயர் கூறலாகாது. ஒருத்தியின் குறையை மற்றொருத்தியிடம் உரைக்கலாகாது. இவை எல்லைகள். செய்யக் கூடியவையோ பல. ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் நாட்குறிப்பில் மாதவிடாயின் முதல் நாளை ஒரு புள்ளியிட்டுக் குறித்துக்கொள்ளக் கற்பிக்கலாம். அக்குறிப்பு அவளுக்கே உரியது. பள்ளிப் பதிவேட்டில் ஏற வேண்டியதில்லை. அவள் வைத்தியரிடம் செல்லும் நாளில் ஆறு மாதப் புள்ளிகள் ஆறு சோதனைகளுக்கு நிகராகப் பயன்படும். மாதவிடாயை நாடித் துடிப்பையும் உடற்சூட்டையும் போன்ற ஒரு நலக்குறியாகவே கருத வேண்டும் என்று மகப்பேற்று வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

2014-ல் தொடங்கிய தேசிய இளம்பருவத்தினர் நலத் திட்டத்தின் கீழ்ப் பருவ வயதினருக்கென்றே தனி ஆலோசனை நிலையங்கள் ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலும் இயங்குகின்றன. அருகிலுள்ள நிலையம் எது, எந்த நாளில் திறந்திருக்கும் என்ற செய்தியைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது ஒரு சிறு செயல். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் வெட்கத்தால் எவரும் நின்று படிக்கமாட்டார்கள். கதவின் உட்புறத்தில் எல்லோரும் படிப்பார்கள்.

பள்ளிக்கு ஏற்கெனவே பணிச்சுமை மிகுதி, இதுவும் ஆசிரியர் தலையில்தானா என்ற முறையீடு நியாயமானதே. தேர்தல் வேலையும் கணக்கெடுப்பும் செய்த கைகளில் மேலும் ஒரு பதிவேட்டைத் திணிப்பது முறையன்று. ஆகவேதான் புதிய பதிவேடோ புதிய படிவமோ இங்கு வேண்டப்படவில்லை. ஆண்டுக்கு இரண்டு பாட வேளைகளும், கேட்க வரும் பெண்ணை விரட்டாத ஒரு செவியுமே வேண்டப்படுகின்றன. பையன்களுக்கும் இப்பாடத்தைக் கற்பித்தல் நன்று. இன்று கழுத்துக் கறுப்பையும் மேலுதட்டு மயிரையும் கண்டு நகைப்பவர்கள் அவர்களே. நாளை தந்தையராகப் போகிறவர்களும் அவர்களே.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் கூற வேண்டும். மாதவிடாய்க் கோளாறு மானக்கேடன்று, திருமணத்துக்குத் தடையன்று, திருமணம் அதற்கு மருந்துமன்று. பி.சி.ஓ.எஸ். உடைய பெண்கள் பெரும்பாலோர் தக்க சிகிச்சையுடன் தாய்மை அடைகின்றனர். இவ்வொரு செய்தி ஒரு குடும்பத்தில் சேர்ந்தாலும், ஒரு பெண் படிப்பை இடையில் நிறுத்தி மணமேடை ஏறுவது தவிர்க்கப்படலாம்.

காங்ராப் பள்ளத்தாக்கில் விஞ்ஞானிகளின் முயற்சி வென்றதற்கு உப்பு ஒவ்வொரு வீட்டு அடுக்களையையும் அடைந்தது காரணம். பருவப் பெண்களின் சுரப்புச் சமநிலையைப் பற்றிய அறிவும் அவ்வாறே ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வகுப்பறைக்கும், வகுப்பறையிலிருந்து வீட்டுக்கும் சென்று சேர வேண்டும். அதனைக் கொண்டு சேர்க்கும் பணி ஆசிரியர்களையும் களப்பணியாளர்களையும் சார்ந்தது. 21, 45, 90 என்னும் மூன்று எண்களை இப்பருவத்திலேயே தம் மாணவியருக்கு அவர்கள் கற்பித்துத் தொடங்குவார்களாக.